காமாக்கதிர் வெடிப்புகளைக் கொண்டு பேரண்டத்தின் பொருளையும் கரும் ஆற்றலையும் அளப்பது: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆகிய ஊர்களில் அண்டவியல் பற்றிப் பேச வாய்க்கும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். கேட்டவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, கணக்குப்பதிவியல் ஆசிரியர்கள் உண்டு, பேச்சு முடிந்தபின் அருகில் வந்து நிதானமாகக் கேட்ட ஆச்சிமார்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். காமாக்கதிர் வெடிப்புகள் இன்றைய நிலையில், பேரண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றலைத் தனித்து நின்று அளந்துவிடக் கூடியவை அல்ல. ஆனால் தொலைவு காட்டும் மற்றப் பெரும்பாலான விளக்குகள் எட்டாத காலத்தை அவை எட்டுகின்றன. அந்தக் காலத்தில் பேரண்டம் எப்படி விரிந்தது என்பதை ஊகத்துக்கு விடாமல் அளந்தே அறிய வேண்டும் என்பவர்களுக்கு இந்த முயற்சி இன்றியமையாதது.

காமாக்கதிர் வெடிப்பு என்பது என்ன?

வானத்தின் ஏதோ ஒரு திசையிலிருந்து, ஒரு நொடிக்கும் குறைவாகவோ பல நிமிடங்கள் வரையோ நீடிக்கும் வகையில், காமாக்கதிர்கள் திடீரெனப் பாய்ந்து வந்து அடங்குவதையே காமாக்கதிர் வெடிப்பு என்கிறோம். 1963-ஆம் ஆண்டு அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையை யாரேனும் மீறுகிறார்களா என்று கண்காணிப்பதற்காக அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள், 1967 ஜூலை 2 அன்று இத்தகைய வெடிப்பொன்றை முதன்முதலாகப் பதிவு செய்தன. பூமியிலிருந்தும் சூரியனிலிருந்தும் வராத கதிர்கள் அவை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகு, கிளெபசாடல், ஸ்ட்ராங், ஓல்சன் ஆகிய மூவரும் 1973-இல் அச்செய்தியை வெளியிட்டனர்.

இவ்வெடிப்புகள் இரு வகைப்படும். இரண்டு நொடிக்கு மேல் நீடிப்பவை நெடிய வெடிப்புகள், அதற்குக் குறைந்தவை குறுவெடிப்புகள். சூரியனைப் போல் பல மடங்கு நிறைகொண்ட விண்மீன் தன் எரிபொருள் தீர்ந்து உள்நோக்கிச் சரியும்போது நெடிய வெடிப்பு பிறக்கிறது. 1998 ஏப்ரல் 25 அன்று நிகழ்ந்த வெடிப்போடு ஒரு சூப்பர்நோவாவும், அதாவது வெடித்துச் சிதறும் விண்மீனின் பேரொளியும், தோன்றியதும், 2003 மார்ச் 29 வெடிப்பின் ஒளியில் சூப்பர்நோவாவின் நிறமாலை ஐயமின்றிக் காணப்பட்டதும் இதற்குச் சான்றுகள். மிக அடர்ந்து சுருங்கிய இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி இறுதியில் இணையும்போது குறுவெடிப்பு பிறக்கிறது. இந்தப் பிரிவினை முற்றிலும் கறாரானது அன்று. 2021 டிசம்பர் 11 அன்று கண்ட வெடிப்பு நெடியதாக இருந்தும், நியூட்ரான் விண்மீன் இணைப்புக்குரிய அடையாளங்களையே, வெடிப்பு அடங்கியபின் மெல்ல மங்கும் அதன் பின்னொளிர்வில் காட்டியது. தொலைவளவைக்குப் பெரிதும் பயன்படுபவை நெடிய வெடிப்புகள்தாம் என்பதால், இனி வரும் விடைகளில் பெரும்பாலும் அவற்றையே குறிப்பிடுகிறேன்.

அவை அவ்வளவு தொலைவில் இருப்பது எப்படித் தெரிந்தது?

முப்பது ஆண்டுகள் வரை தெரியவில்லை. 1991 முதல் 2000 வரை இயங்கிய காம்ப்டன் ஆய்வுக்கலத்தில் இருந்த பாட்ஸ் கருவி 2,704 வெடிப்புகளைக் கண்டது. அவை வானம் முழுதும் சீராகப் பரவியிருந்தன. பால்வீதியின் பட்டையை ஒட்டிக் குவியவில்லை. எனவே அவை நம் விண்மீன் மண்டலத்துக்கு அப்பாற்பட்டவை என்ற கருத்து வலுத்தது. 1997 பிப்ரவரி 28 அன்று பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் ஒரு வெடிப்பின் பின்னொளிர்வை எக்ஸ் கதிரில் கண்டறிந்து இடத்தைக் குறுகலாகக் காட்டியது. அதே ஆண்டு மே 8 அன்று நிகழ்ந்த இன்னொரு வெடிப்பின் பின்னொளிர்வைத் தரைத் தொலைநோக்கி கொண்டு ஆராய்ந்தபோது, அதன் செம்பெயர்ச்சி, அதாவது பேரண்டம் விரிந்ததால் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் விகிதம், குறைந்தது 0.835 என்று தெரிந்தது. அந்த ஒளி பேரண்டத்தின் வயதில் பாதிக்கும் மேற்பட்ட காலம் பயணம் செய்து வந்திருக்கிறது. விவாதம் அத்துடன் தீர்ந்தது.

'பொருள் அடர்த்தி' என்று எதைச் சொல்கிறீர்கள்?

பேரண்டத்தில் உள்ள விண்மீன்கள், வளிமம், தூசு, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் ஆகிய அனைத்தையும் வெளி முழுதும் சீராகப் பரப்பினால், ஒரு கன மீட்டரில் எவ்வளவு நிறை இருக்கும் என்பதே பொருள் அடர்த்தி. அதை நேரடியாகக் கிலோகிராமில் சொல்லாமல், 'மாறுநிலை அடர்த்தி' என்ற ஓர் அளவின் பின்னமாகச் சொல்வது அண்டவியலாளர் வழக்கம். மாறுநிலை அடர்த்தி என்பது வெளி வளைவின்றித் தட்டையாக இருப்பதற்குத் தேவையான மொத்த அடர்த்தி. இன்றைய மதிப்பில் அது ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்குச் சமம். பிளாங்க் செயற்கைக்கோள், பேரண்டத்தின் தொடக்கக் காலத்திலிருந்து வரும் அண்ட நுண்ணலைப் பின்னணியை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, பொருளின் பங்கு 0.315, பிழை எல்லை 0.007. எஞ்சிய 0.685 ஏறத்தாழ முழுவதும் கரும் ஆற்றல்.

இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்பதை உணர, நம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றின் வளவை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு ஆயிரம் கன மீட்டர். அந்த இடத்தில் பேரண்டச் சராசரிப்படி இருக்க வேண்டிய சாதாரணப் பொருள் ஏறத்தாழ 250 ஹைட்ரஜன் அணுக்கள் மட்டுமே. கரும்பொருளையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,600 அணுக்களின் நிறை ஆகும். இத்தனை மெல்லிய பொருள்தான் தன் ஈர்ப்பினால் பேரண்டத்தின் விரிவைப் பல நூறு கோடி ஆண்டுகள் மட்டுப்படுத்தி வந்தது.

கரும் ஆற்றல் இருப்பதை முதலில் காட்டியவை எவை?

ஒன்று-ஏ வகை சூப்பர்நோவாக்கள். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறளி விண்மீன் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர் கணித்துக் கொடுத்த வரம்பு அது. அந்த வரம்பை ஒட்டி வெடிக்கும் வெண்குறளிகள் ஏறத்தாழ ஒரே அளவு ஒளிர்கின்றன என்றும், எஞ்சும் சிறு வேறுபாட்டை அவை மங்கும் வேகத்தைக் கொண்டு திருத்திவிடலாம் என்றும் கண்டார்கள். உண்மையான ஒளிர்திறன் தெரிந்துவிட்டால், நமக்கு வந்து சேரும் ஒளியின் அளவிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். 1998-இல் இரண்டு குழுக்கள் இப்படி அளந்தபோது, தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது கூடுதல் தொலைவில் இருந்தன. விரிவு வேகமெடுத்திருக்கிறது என்பதே அதன் பொருள். பெர்ல்முட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கும் 2011-இல் இயற்பியல் நோபல் பரிசு இதற்காகவே வழங்கப்பட்டது.

சூப்பர்நோவாக்கள் இருக்கும்போது காமாக்கதிர் வெடிப்புகள் எதற்கு?

இந்தக் கேள்விக்கான விடைதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சூப்பர்நோவாக்களின் மிகப் பெரிய தொகுப்புகளில் ஒன்றான பாந்தியான் பிளஸ் ஏறத்தாழ 1,550 சூப்பர்நோவாக்களைக் கொண்டது. அதன் எல்லை செம்பெயர்ச்சி 2.26. அந்த எல்லையை ஒட்டி இருப்பவையும் ஒரு சிலவே, பெரும்பாலானவை செம்பெயர்ச்சி ஒன்றுக்கும் கீழே. காமாக்கதிர் வெடிப்புகளோ எளிதாக அதைத் தாண்டிச் செல்கின்றன. 2009 ஏப்ரல் 23 அன்று கண்ட வெடிப்பின் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 8.2. அதன் ஒளி புறப்பட்டபோது பேரண்டத்தின் வயது ஏறத்தாழ அறுபது கோடி ஆண்டுகள்தாம். காமாக்கதிர்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. வழியில் உள்ள தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்குவதுபோல் அவற்றை விழுங்குவதில்லை. ஆகவே தூசுக்காகத் திருத்தம் செய்ய வேண்டிய தேவை காமாக்கதிர் அளவீட்டில் எழுவதில்லை.

இனி, அந்தத் தொலைவில் என்ன தெரியும் என்று பார்ப்போம். பேரண்டம் விரிய விரியப் பொருள் நீர்த்துப் போகிறது. கரும் ஆற்றல், அது காலத்தால் மாறாத அண்டவியல் மாறிலியாக இருக்குமானால், நீர்த்துப் போவதில்லை. எனவே கடந்த காலத்தை நோக்கிச் செல்லச் செல்லப் பொருளின் அடர்த்தி, செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணின் மும்மடிப்படி உயர்கிறது. இன்று பொருள் 0.3, கரும் ஆற்றல் 0.7 என்று எடுத்துக்கொண்டால், செம்பெயர்ச்சி ஒன்றில் பொருள் எட்டு மடங்காகி 2.4 ஆகிறது, கரும் ஆற்றல் அதே 0.7, மொத்தத்தில் அதன் பங்கு 23 சதவீதம். செம்பெயர்ச்சி இரண்டில் பொருள் 27 மடங்கு, கரும் ஆற்றலின் பங்கு 8 சதவீதம். செம்பெயர்ச்சி 8.2-இல் அது அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, தொலைதூர வெடிப்புகள் இயல்பாகவே பொருள் அடர்த்தியை அளப்பதற்கு ஏற்றவை, கரும் ஆற்றலின் இன்றைய தன்மையை அளப்பதற்கு அவ்வளவாக ஏற்றவை அல்ல. 'காமாக்கதிர் வெடிப்பு கரும் ஆற்றலை அளக்கிறது' என்று செய்திகளில் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். இரண்டாவது, மேற்சொன்ன கணக்கு கரும் ஆற்றல் மாறாதது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அது காலத்தோடு மாறுவதாக இருந்து, முற்காலத்தில் கூடுதல் வலிமையோடு இருந்திருந்தால், அதன் தடயம் சூப்பர்நோவாக்கள் எட்டாத இடத்தில்தான் தெரியும். சோதித்துப் பார்க்காத இடத்தில் கொள்கை சரியாகவே இருக்கும் என்று கொள்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

ஒவ்வொரு வெடிப்பும் ஒவ்வொரு விதமாக இருக்கும்போது அவற்றைக் கொண்டு எப்படித் தொலைவை அளப்பது?

நெடிய வெடிப்புகளின் ஆற்றல் ஒன்றுக்கொன்று பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. எல்லாத் திசைகளிலும் சமமாகக் கதிர்வீசியதாகக் கொண்டு கணக்கிட்டால், மங்கலானவை சூரியன் தன் வாழ்நாள் முழுவதும் வெளியிடும் ஆற்றலுக்கும் குறைவாகவும், வலியவை அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்காகவும் இருக்கும். இப்படிப்பட்டதை நேரடியாக அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஆனால் தொலைவைப் பற்றி எதுவும் தெரியாமலே அளக்கக்கூடிய ஏதேனும் ஒரு பண்பு, அந்த ஆற்றலோடு ஒழுங்காகத் தொடர்பு கொண்டிருந்தால், அப்பண்பை அளந்து ஆற்றலை அறியலாம்; ஆற்றலிலிருந்து தொலைவை அறியலாம்.

அப்படிப்பட்ட தொடர்புகளுள் மிகுதியாகப் பயன்படுவது, இத்தாலிய வானியலாளர் லொரென்சோ அமாட்டியும் அவர் குழுவினரும் 2002-இல் பெப்போசாக்ஸ் கண்ட பன்னிரண்டு வெடிப்புகளைக் கொண்டு காட்டியது. ஒரு வெடிப்பின் கதிர்வீச்சை அதிர்வெண்வாரியாகப் பிரித்தால், ஏதோ ஓர் இடத்தில் ஆற்றல் உச்சம் அடையும். அந்த உச்சத்தின் ஃபோட்டான் (ஒளித்துகள்) ஆற்றலைச் செம்பெயர்ச்சிக்காகத் திருத்தி எடுத்துக்கொள்கிறோம். வெடிப்பின் மொத்த ஆற்றல் நான்கு மடங்கானால் இந்த உச்ச ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது, அதாவது அது மொத்த ஆற்றலின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. பெரிய வெடிப்பு பொதுவாகக் 'கடினமான', அதாவது ஃபோட்டான் ஆற்றல் மிகுந்த, கதிர்களைத் தருகிறது என்று சுருங்கச் சொல்லலாம்.

வெடிப்பு எல்லாத் திசைகளிலும் பாய்வதில்லை, சில பாகை அகலமுள்ள குறுகிய தாரையாகவே பாய்கிறது. பின்னொளிர்வு மங்கும் வேகம் ஒரு கட்டத்தில் திடீரெனக் கூடுவதைக் கொண்டு தாரையின் கோணத்தைக் கணிக்கலாம். ஃப்ரெய்லும் அவர் குழுவினரும் 2001-இல் அப்படித் திருத்திப் பார்த்தபோது, பரந்து சிதறிக் கிடந்த ஆற்றல்கள் ஒரு குறுகிய எல்லைக்குள் வந்து நின்றன. 2004-இல் கிர்லாண்டா குழுவினர் இந்தத் திருத்திய ஆற்றலை உச்ச ஆற்றலோடு இணைத்தபோது, சிதறல் குறைந்த ஒரு தொடர்பு கிடைத்தது. அவ்வாண்டிலேயே அதைக் கொண்டு பொருள் அடர்த்தியையும் கரும் ஆற்றலையும் கட்டுப்படுத்தும் ஆய்வுகள் வெளிவந்தன. ஆனால் தாரைக் கோணத்தைத் தெளிவாகக் காட்டும் வெடிப்புகள் மிகக் குறைவு. அதனால் அந்த அழகான தொடர்பைப் பெரிய எண்ணிக்கையில் பயன்படுத்த இயலாமற் போயிற்று. இத்துறையில் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி இதுவே.

இவை தவிர, உச்ச ஒளிர்திறனைக் கொண்ட யொனெடொக்கு தொடர்பும், எக்ஸ் கதிர்ப் பின்னொளிர்வு சிறிது நேரம் மங்காமல் சமநிலையில் நிற்கும் கட்டத்தைக் கொண்டு மரியா டைனோட்டி 2008-இல் காட்டிய தொடர்பும் பயன்பாட்டில் உள்ளன.

தொலைவு தெரிந்தால்தான் ஆற்றல் தெரியும், ஆற்றல் தெரிந்தால்தான் தொலைவு தெரியும் என்றால் இது சுற்றிச் சுற்றி வருகிற வாதம் அல்லவா?

தேவகோட்டையில் வணிகவியல் கற்பிக்கும் ஒருவர் கேட்டது இது. துறையின் வல்லுநர்கள் இருபது ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருக்கும் இடத்தை அவர் முதல் கேள்வியிலேயே தொட்டுவிட்டார்.

சூப்பர்நோவாக்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நம் அருகிலேயே பல சூப்பர்நோவாக்கள் நிகழ்கின்றன. அவற்றின் தொலைவைச் செஃபீடு மாறொளிர் விண்மீன்கள் போன்ற வேறு வழிகளில் அறிந்து அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்ளலாம். நெடிய காமாக்கதிர் வெடிப்புகள் அருகில் மிக அரிதாகவே நிகழ்கின்றன, நிகழ்பவையும் பெரும்பாலும் வழக்கத்துக்கு மாறான மங்கல் வகையைச் சேர்ந்தவை. எனவே வெடிப்பின் ஆற்றலைக் கணக்கிட, பொருள் அடர்த்தி இவ்வளவு என்று முன்கூட்டியே கொண்டு தொலைவை எடுத்தால், பிறகு அதே தொடர்பைக் கொண்டு பொருள் அடர்த்தியை அளக்கும்போது நாம் போட்டதே நமக்குத் திரும்பி வரும்.

இதிலிருந்து வெளிவர இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, சூப்பர்நோவாக்களும் வெடிப்புகளும் ஒருங்கே காணப்படும் எல்லைக்குள், அதாவது ஏறத்தாழ செம்பெயர்ச்சி 1.4 வரை, வெடிப்புகளின் தொலைவைச் சூப்பர்நோவாக்களிலிருந்து எடுத்துக்கொண்டு தொடர்பை வரையறுப்பது. பிறகு அதை அப்பால் நீட்டுவது. 2008-இல் இது முன்வைக்கப்பட்டது. இதில் எந்த அண்டவியல் மாதிரியையும் முன்கூட்டி ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சூப்பர்நோவாக்களில் பிழை ஏதும் இருந்தால் அது வெடிப்புகளுக்குள்ளும் வந்துவிடும், ஆகவே வெடிப்புகளைச் சுதந்திரமான சாட்சி என்று சொல்ல முடியாது. மற்றொன்று, தொடர்பின் சாய்வு, வெட்டுத்துண்டு, சிதறல் ஆகியவற்றையும் அண்டவியல் மதிப்புகளையும் ஒருசேர அறியாக் கணியங்களாக வைத்து, தரவு முழுவதற்கும் பொருந்தும் தொகுதியைத் தேடுவது. இது நேர்மையான வழி என்பது என் கருத்து, விடையின் பிழை எல்லை விரிந்துபோனாலும் கூட. அறியாததை அறியாதது என்றே கணக்கில் வைப்பதால்தான் அது விரிகிறது.

இதுவரை கிடைத்த எண்கள் என்ன?

பிராட்லி ஷேஃபர் 2007-இல் 69 வெடிப்புகளைக் கொண்டு செம்பெயர்ச்சி 6.6 வரை தொலைவு வரைபடம் ஒன்றை அமைத்தார். அண்டவியல் மாறிலி கொண்ட வழக்கமான மாதிரியோடு அது ஒத்துப்போயிற்று. அமாட்டி குழுவினர் 2008-இல் 70 வெடிப்புகளைக் கொண்டு, தட்டையான பேரண்டம் எனக் கொண்டால் பொருள் அடர்த்தி 0.04 முதல் 0.40 வரை இருக்கலாம் என்று 68 சதவீத நம்பகத்தன்மையோடு சொன்னார்கள். பிளாங்க் தரும் 0.315-உம் அதற்குள் அடங்குகிறது.

இந்த எல்லை மிக அகலமானது என்று தோன்றலாம். அதே ஆய்வு, பொருள் மட்டுமே நிறைந்த, கரும் ஆற்றலே இல்லாத பேரண்டத்தை 99.9 சதவீத நம்பகத்தன்மையோடு விலக்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது எப்படி இயன்றது என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். செம்பெயர்ச்சி ஐந்தில் உள்ள ஒரு பொருளின் ஒளித்தொலைவு (வந்து சேரும் ஒளியின் அளவிலிருந்து கணக்கிடும் தொலைவு), பொருள் மட்டுமுள்ள பேரண்டத்தைவிடக் கரும் ஆற்றல் 0.7 உள்ள பேரண்டத்தில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஒரு தனி வெடிப்பின் தொலைவில் உள்ள பிழையோ ஏறத்தாழ ஐம்பது சதவீதம். எழுபது வெடிப்புகளைச் சேர்த்தால் அந்தப் பிழை ஆறு சதவீதம் அளவுக்கு இறங்குகிறது, ஆகவே ஐம்பது சதவீத வேறுபாடு தெளிவாகத் தெரிந்துவிடும். ஆனால் கரும் ஆற்றலின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் அண்டவியல் மாறிலிக்குரிய -1 ஆக இருந்தால் என்ன, -0.9 ஆக இருந்தால் என்ன என்று கேட்டால், அங்கே தொலைவில் ஏற்படும் வேறுபாடு சில சதவீதம் மட்டுமே. அதைப் பிரித்தறிய இந்தத் துல்லியம் போதாது.

ஒரு சூப்பர்நோவாவின் தொலைவில் உள்ள பிழை ஏறத்தாழ ஏழு சதவீதம். அப்படியானால் ஒரு சூப்பர்நோவா தரும் துல்லியத்துக்கு ஏறத்தாழ ஐம்பது வெடிப்புகள் வேண்டும். தொலைவை ஒரு சதவீதத்துக்கு அறிய ஏறத்தாழ 2,500 வெடிப்புகள் வேண்டும். செம்பெயர்ச்சி அறியப்பட்ட வெடிப்புகள் இன்று சில நூறுதான் உள்ளன.

வெடிப்புகளை அதிகமாகச் சேர்த்துக்கொண்டே போனால் சிக்கல் தீர்ந்துவிடுமா?

தற்செயலான சிதறல் தீரும், ஒருசார்பான பிழை தீராது. கருவிகள் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒளிர்பவற்றை மட்டுமே காண்கின்றன. தொலைவு கூடக் கூட வலியவை மட்டுமே கண்ணில் படுகின்றன, மெலியவை விடுபட்டுப் போகின்றன. செம்பெயர்ச்சி அறிவதற்குப் பின்னொளிர்வும் பிரகாசமாக இருக்க வேண்டும் என்பதால் தெரிவு இன்னும் குறுகுகிறது. அமாட்டி தொடர்பே இத்தகைய தெரிவினால் விளைந்த தோற்றமோ என்று 2005-இல் நகார், பிரான் இணையரும் பேண்ட், பிரீஸ் இணையரும் ஐயம் எழுப்பினர். செம்பெயர்ச்சி தெரியாத பாட்ஸ் வெடிப்புகளில் பல அந்தத் தொடர்புக்கு எந்தத் தொலைவிலும் ஒத்துவராது என்பது அவர்களின் வாதம். பிற்பாடு ஸ்விஃப்ட், ஃபெர்மி ஆகிய செயற்கைக்கோள்கள் கண்ட நெடிய வெடிப்புகளிலும் இத்தொடர்பு நிலைத்திருப்பதால், அதற்கு இயற்பியல் அடிப்படை உண்டு என்று பலர் கருதுகின்றனர். ஆயினும் குறுவெடிப்புகள் அதில் சேருவதில்லை, 1998 ஏப்ரல் 25 வெடிப்பும் அதிலிருந்து வெகுவாக விலகி நிற்கிறது.

இதைவிட ஆழமான ஐயம் ஒன்று உண்டு. முற்கால விண்மீன்களில் கார்பன், இரும்பு போன்ற கனமான தனிமங்கள் குறைவு. அத்தகைய விண்மீன்கள் வெடிக்கும்போதும் இதே தொடர்பு பொருந்துமா? தொடர்பு காலத்தோடு சிறிது மாறினாலும், அந்த மாற்றத்தைக் கரும் ஆற்றலின் மாற்றம் என்று நாம் தவறாகப் படித்துவிடக் கூடும். வெடிப்பு ஏன் இத்தொடர்புக்குக் கட்டுப்படுகிறது என்பதை இயற்பியல்வழி விளக்கும் வரை இந்த ஐயம் எஞ்சியே நிற்கும்.

கரும் ஆற்றல் மாறுகிறது என்று அண்மையில் செய்தி வந்ததே, அதை இவை உறுதி செய்யுமா?

டெசி என்னும் ஆய்வுத்திட்டம் 2024-இலும் 2025-இலும் வெளியிட்ட விண்மீன் மண்டலப் பரவல் முடிவுகள், நுண்ணலைப் பின்னணி, சூப்பர்நோவா தரவுகளோடு சேர்க்கப்பட்டபோது, கரும் ஆற்றல் காலத்தோடு வலுக்குறைந்து வருவதற்கான குறிப்புகளைத் தந்தன. கண்டுபிடிப்பு என்று அறிவிப்பதற்கு இயற்பியலாளர் கோரும் உறுதியை அவை இன்னும் எட்டவில்லை. அந்த விவாதத்தைத் தீர்க்கும் துல்லியம் வெடிப்புகளுக்கு இப்போது இல்லை. பேரண்டம் இன்று விரியும் வேகத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலி பற்றிய முரண்பாட்டிலும், அதாவது பிளாங்க் 67.4 என்றும் அருகமைச் சூப்பர்நோவாக்கள் ஏறத்தாழ 73 என்றும் சொல்லும் முரண்பாட்டிலும், நெடிய வெடிப்புகளால் தீர்ப்புச் சொல்ல இயலாது. அவை தொலைவு வளர்கின்ற வடிவத்தைக் காட்டுமே தவிர, முழுமையான அளவைத் தாமாகத் தருவதில்லை.

குறுவெடிப்புகளால் எந்தப் பயனும் இல்லையா?

மிகப் பெரும் பயன் உண்டு, ஆனால் வேறு வழியில். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலைகள், அதாவது வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகள், பதிவாகி 1.7 நொடியில் குறுவெடிப்பு ஒன்றும் பதிவாயிற்று. ஈர்ப்பலையின் வடிவத்திலிருந்தே தொலைவு நேரடியாகக் கிடைத்துவிடுவதால், முன்சொன்ன சுற்றுவாதச் சிக்கல் இங்கே எழுவதே இல்லை. அந்த ஒரே நிகழ்விலிருந்து ஹபிள் மாறிலி ஏறத்தாழ 70 என்று கணித்தார்கள். பிழை எல்லை மேலே 12, கீழே 8. மகாராட்டிரத்தின் இங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கும் லைகோ-இந்தியா என்னும் ஈர்ப்பலை ஆய்வகம் இத்தகைய நிகழ்வுகளின் திசையைத் துல்லியமாகக் காட்டுவதற்குப் பெரிதும் உதவும்.

இந்த வெடிப்புகளை நம் ஊரிலிருந்து பார்க்க முடியுமா? ஆபத்து உண்டா?

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி கேட்டார். காமாக்கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் அவற்றைத் தரையிலிருந்து பார்க்க முடியாது, செயற்கைக்கோள்களே பார்க்கின்றன. பின்னொளிர்வு மிக அரிதாகக் கண்ணுக்கு எட்டும். 2008 மார்ச் 19 வெடிப்பின் ஒளி, இருண்ட வானத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவை அரை நிமிடம் போல எட்டியது, எழுநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பயணம் செய்து வந்த பிறகும். ஆனால் அப்போது நமக்கு முற்பகல் 11.42 மணி.

2022 அக்டோபர் 9 நிகழ்வைச் செட்டிநாட்டார் அவசியம் அறிந்திருக்க வேண்டும். இதுவரை பதிவானவற்றுள் மிகப் பிரகாசமான காமாக்கதிர் வெடிப்பு அது. இந்திய நேரப்படி மாலை 6.47 மணிக்குச் சரம் என்னும் சிறு விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து வந்தது. அந்த நேரத்தில் அத்திசை காரைக்குடிக்கு ஏறத்தாழ உச்சிவானில் இருந்தது. பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது, கிழக்கே முழுநிலவு எழுந்திருந்தது. ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, 190 கோடி ஆண்டுகள் பயணம் செய்த கதிர்கள் நம் தலைக்கு நேர் மேலே அயனி மண்டலத்தைக் கலைத்துக்கொண்டிருந்தன. உயிர்களுக்குத் தீங்கேதும் நேரவில்லை. அதன் செம்பெயர்ச்சி 0.151 மட்டுமே என்பதால், தொலைவுத் தொடர்புகளைச் சரிபார்க்க அத்தகைய அருகமை நிகழ்வு மிகவும் மதிப்புள்ளது.

இதில் இந்தியாவின் பங்கு என்ன? காரைக்குடி மாணவர் ஒருவர் இங்கிருந்தே இதில் ஈடுபட முடியுமா?

முடியும். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டில் உள்ள காட்மியம் துத்தநாக டெலுரைடு கருவி நூற்றுக்கணக்கான வெடிப்புகளைப் பதிவு செய்திருப்பதோடு, சிலவற்றின் கதிர்கள் முனைவாக்கம் பெற்றிருக்கும் (ஒரே தளத்தில் அதிரும்) அளவையும் ஆராய்ந்திருக்கிறது. லடாக்கின் ஹான்லேயிலும் நைனித்தால் பக்கத்து தேவஸ்தலிலும் உள்ள தொலைநோக்கிகள் பின்னொளிர்வைத் தொடர்கின்றன. புணே அருகே உள்ள பெரும் மீட்டரலைத் தொலைநோக்கி வானொலிப் பின்னொளிர்வைப் பின்தொடர்கிறது. வானம் முழுவதையும் இடைவிடாமல் கண்காணிக்கும் இரட்டைச் செயற்கைக்கோள் திட்டமான தக்ஷாவும் முன்மொழியப்பட்டுள்ளது. வெளிநாடுகளில் 2024 ஜனவரியில் ஐன்ஸ்டைன் புரோப் செயற்கைக்கோளும், அதே ஆண்டு ஜூனில் பிரான்சும் சீனாவும் இணைந்து உருவாக்கிய ஸ்வோம் செயற்கைக்கோளும் ஏவப்பட்டுள்ளன. செம்பெயர்ச்சி தெரிந்த வெடிப்புகளின் எண்ணிக்கை இவற்றால் உயரும்.

தொலைநோக்கி ஏதும் இல்லாத மாணவருக்கும் வேலை இருக்கிறது. ஃபெர்மி, ஸ்விஃப்ட் ஆகியவற்றின் வெடிப்புப் பட்டியல்களும் பாந்தியான் பிளஸ் தொகுப்பும் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கூடியவை. ஒரு சாதாரண மடிக்கணினியும் பைத்தான் என்னும் நிரல்மொழியும் போதும். முதலில் செம்பெயர்ச்சி 1.4-க்குக் குறைந்த வெடிப்புகளை மட்டும் எடுத்து, அவற்றின் தொலைவைச் சூப்பர்நோவாக்களிலிருந்து பெற்று, உச்ச ஆற்றலுக்கும் மொத்த ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை மடக்கைத் தாளில் வரையுங்கள். அதன் சிதறலைக் கணியுங்கள். பிறகு அதே வேலையை எந்த அண்டவியல் மதிப்பையும் முன்கூட்டி ஏற்காமல் ஒருசேரப் பொருத்தும் முறையில் செய்து, பொருள் அடர்த்தியின் பிழை எல்லை எவ்வளவு விரிகிறது என்று ஒப்பிடுங்கள். இயற்பியல் முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்கு அது நிறைவான தலைப்பு. பாதி வெடிப்புகளை வைத்துத் தொடர்பை வரையறுத்து, மறுபாதியைக் கொண்டு சோதிக்கும் பயிற்சியையும் அதனோடு சேர்த்துச் செய்யும்படி நான் கேட்டுக்கொள்கிறேன்.